வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆண்டிவைரஸ்: காசு கொடுக்கும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி, "எந்த ஆண்டிவைரஸ் போட்டால் நல்லது?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் சொல்கிறவர்கள் நேராக ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள், அதை நம்பி ஒரு வருடச் சந்தாவைக் கட்டிய பிறகுதான் தன் மெஷினில் ஏற்கெனவே ஒரு ஆண்டிவைரஸ் இருந்தது என்பதே பலருக்குத் தெரிய வருகிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. அதற்குத் தனிக் காசு இல்லை, சந்தாவும் இல்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக அமைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளுக்கு டிஃபெண்டரே போதும். காசு கொடுத்து வாங்குவது நியாயமான சில சூழ்நிலைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் இருப்பதைப் பார்ப்பது, அடுத்து அதைச் சரிசெய்வது, அப்புறம்தான் வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பது.

இப்போது உள்ளே என்ன ஓடுகிறது?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். கீழே இடது மூலையில் பல்சக்கரம் போல செட்டிங்ஸ் இருக்கும், அதற்குள் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்று ஒரு இணைப்பு. அதைத் தட்டினால் ஆண்டிவைரஸ் யார், ஃபயர்வால் (நெட்வொர்க் வழியாக வருவதையும் போவதையும் கண்காணித்துத் தடுக்கும் அரண்) யார் என்று பெயர் போட்டுக் காட்டும். டிஃபெண்டர் மட்டும் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். மெக்காஃபி, நார்டன் போன்ற வேறு பெயர் இருந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டரோடு வந்த சோதனைப் பதிப்பு. வேறொரு ஆண்டிவைரஸ் உள்ளே வந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சோதனைக் காலம் முடிந்த பிறகும் அந்தப் பழைய மென்பொருள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, புது அப்டேட் எதுவும் இல்லாமல், "புதுப்பியுங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிற விஷயம்.

அது வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். சில சமயம் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகவே மெக்காஃபி, நார்டன், அவாஸ்ட், ஈசெட் போன்ற நிறுவனங்கள் தங்கள் தளத்தில் நீக்கும் கருவி ஒன்றைத் தனியாக வைத்திருக்கின்றன. முழுசாக நீங்கியதும் டிஃபெண்டர் தானே திரும்ப வேலையைத் தொடங்கிவிடும். அதே 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' பக்கத்தில் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்போதும் காவலில் இருக்கும் இரண்டு ஆண்டிவைரஸை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஃபைலைத் திறக்கும் நொடியில் இரண்டும் அதைப் பிடித்துச் சோதிக்கும், ஒன்று பிரித்துப் பூட்டி வைத்ததை இன்னொன்று வைரஸ் என்று கத்தும், மெஷின் தவழ ஆரம்பிக்கும். நாம் கூப்பிடும்போது மட்டும் ஸ்கேன் செய்கிற மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு போன்றவற்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், சிக்கல் இல்லை.

ஆண்டிவைரஸுக்கு முன்னால் அப்டேட்

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை, விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக நெட்வொர்க்கில் ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அதைப் போட்டிருந்த மெஷின்களில் அந்த வழி மூடியே இருந்தது. அதனால் எந்த ஆண்டிவைரஸ் என்று யோசிப்பதற்கு முன் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, நிலுவையில் இருக்கும் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். பிரவுசருக்கும் அதேதான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம், அதற்குள் விண்டோஸ் 11-க்கோ வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கோ மாறிவிட வேண்டும். அப்டேட் வராத சிஸ்டத்தின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஆண்டிவைரஸைப் போட்டாலும் அடியில் இருக்கும் ஓட்டை ஓட்டையாகவேதான் இருக்கும்.

டிஃபெண்டரை ஒழுங்காக அமைப்பது

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்' பகுதிக்குப் போய் 'மேனேஜ் செட்டிங்ஸ்' தட்டுங்கள். ரியல்டைம் ப்ரொடெக்ஷன், கிளவுட் ப்ரொடெக்ஷன், டேம்பர் ப்ரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். கிளவுட் முக்கியம், ஏனென்றால் இன்று காலை உருவான ஒரு வைரஸின் அடையாளம் உங்கள் மெஷினில் இருக்கும் பட்டியலில் இருக்காது, மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டுத்தான் டிஃபெண்டர் முடிவெடுக்கும். டேம்பர் ப்ரொடெக்ஷன் என்பது, உள்ளே நுழைந்த ஒரு வைரஸ் முதல் வேலையாக ஆண்டிவைரஸை ஆஃப் செய்துவிடாமல் தடுப்பது.

அடுத்து 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதி. அதில் 'ரெபுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்' உள்ளே, தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகிற டூல்பார், விளம்பரம் காட்டும் ஆப் எல்லாம் கண்டிப்பாகச் சொன்னால் வைரஸ் கிடையாது. ஆனால் புதியவர்களை அதிகம் தொல்லை செய்வது இவைதான். இரண்டு பெட்டிகளையும் டிக் செய்துவிடுங்கள்.

ரான்சம்வேர் ப்ரொடெக்ஷனில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று உண்டு, வழக்கமாக அது ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களுக்குள் விண்டோஸுக்கு நம்பிக்கை இல்லாத எந்த ப்ரோக்ராமும் கை வைக்க முடியாது. சில நேரம் நல்ல மென்பொருளும் மாட்டிக்கொள்ளும்: ஒரு விளையாட்டு சேவ் ஆகாது, ஒரு பழைய போட்டோ எடிட்டர் "ஃபைலை எழுத முடியவில்லை" என்று சொல்லும். அப்போது அதே பக்கத்தில் அந்த ஆப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். குடும்பப் படங்களும் முக்கியமான கணக்குகளும் இருக்கிற மெஷினில் இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்வது நல்லது என்பேன்.

இன்னும் ஒன்று, ஆண்டிவைரஸுக்கு வெளியே இருப்பது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வந்து, அது எந்த வகை ஃபைல் என்று சொல்லும் எழுத்துகள்தான் எக்ஸ்டென்ஷன். 2000-ம் ஆண்டு மே மாதம் மெயிலில் பரவிய ஐ லவ் யூ வைரஸ் இணைப்பாக வந்த ஃபைலின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும், அதற்கும் பின்னால் விபிஎஸ் என்ற உண்மையான எக்ஸ்டென்ஷன் இருக்கும். விண்டோஸ் அந்தக் கடைசி மூன்று எழுத்தை மறைத்துவிட்டதால் சாதாரண எழுத்து ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள், திறந்ததும் அது ஓடத் தொடங்கியது. இன்றும் பிடிஎஃப் படம் போட்ட ஐகானோடு ஈஎக்ஸ்ஈ ஃபைல்கள், அதாவது திறந்ததும் ஓடும் ப்ரோக்ராம்கள், மெயிலில் வருகின்றன. எக்ஸ்டென்ஷன் கண்ணுக்குத் தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே அம்பலமாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு இதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை ஃபைலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அதில் எந்த வைரஸும் இல்லை, ஆனால் எல்லா ஆண்டிவைரஸும் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டவுன்லோட் செய்யும்போதே தடுத்தாலும் சரி, சேவ் ஆனதும் பிடித்தாலும் சரி, காவல் விழித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எவ்வளவு திறமையான காவல் என்பதை இது சொல்லாது.

யாருக்கு வாங்க வேண்டியிருக்கும்?

டிஃபெண்டர் கிளவுடை அதிகம் நம்பியிருக்கிறது. இணையம் இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்பது ஆய்வகச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். பெரும்பாலும் இணையம் இல்லாமல், பென்டிரைவ் வழியாகவே ஃபைல்களை மாற்றிக்கொள்கிற கம்ப்யூட்டர் என்றால் ஈசெட், பிட்டிஃபெண்டர் போன்ற ஒன்றை யோசிக்கலாம். வீட்டில் நாலைந்து மெஷின்கள், போன்கள் இருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும் காசு கொடுத்த பதிப்பு வசதி. வந்த இணைப்பையெல்லாம் தட்டிவிடுகிற ஒருவர் வீட்டில் இருந்தால், எந்த பிரவுசரில் திறந்தாலும் போலித் தளங்களைத் தடுக்கிற வசதி உதவும். போலித் தளங்களைத் தடுக்கும் டிஃபெண்டரின் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் பிரவுசரோடுதான் நெருக்கமாக வேலை செய்கிறது, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஆபத்தான தளங்கள் பற்றிய கூகுளின் பட்டியலை நம்புகின்றன. மேக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ப்ரொடெக்ட், கேட்கீப்பர் என்ற ஆப்பிளின் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் உள்ளேயே இருப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால் "டாப் 10 ஆண்டிவைரஸ்" பக்கங்களை விட்டுவிடுங்கள். நீங்கள் அங்கிருந்து வாங்கினால் கமிஷன் பெறுகிற தளங்கள் அவற்றில் நிறைய. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பாரட்டிவ்ஸ், லண்டனில் எஸ்ஈ லேப்ஸ் என்று இதையே தொழிலாகச் செய்கிற ஆய்வகங்கள் இருக்கின்றன, முடிவுகளை இலவசமாகவே படிக்கலாம். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்படுத்தும் வசதி ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளிகள், மொத்தம் 18 என்று போடும். டிஃபெண்டர் பல முறை முழுப் புள்ளிகள் வாங்கியிருக்கிறது, ஒப்பிடும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏவி-கம்பாரட்டிவ்ஸின் நிஜ உலகச் சோதனை அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. அதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எத்தனை தாக்குதலைத் தானாகத் தடுத்தது, எத்தனையில் முடிவைப் பயனரிடம் விட்டது, எத்தனையில் தோற்றது என்று மூன்று பிரிவுகள் இருக்கும். எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், புதியவர்கள் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கிற எண். "இதை அனுமதிக்கவா, தடுக்கவா?" என்று மென்பொருள் கேட்டால் அனுபவம் இல்லாதவர் பெரும்பாலும் அனுமதிதான் கொடுப்பார், அவருக்கு அந்த டவுன்லோட் வேண்டும் அல்லவா. ஆகவே அந்த எண் உயரமாக இருக்கிற மென்பொருள் உங்களுக்கு வேண்டாம். பக்கத்திலேயே நல்ல ஃபைலைத் தவறாக வைரஸ் என்று சொன்ன எண்ணிக்கையும் இருக்கும். அது அதிகம் இருந்தால் நாளடைவில் நீங்கள் எச்சரிக்கையைப் படிக்காமலே மூடிவிடப் பழகிவிடுவீர்கள். 99.6, 99.8 என்று வருகிற தசம வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு வருட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, தொடர்ந்து மேலே இருப்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது நம்பிக்கை. ஆண்டிவைரஸ் உங்கள் எல்லா ஃபைலையும் படிக்கும், சிஸ்டத்தின் ஆழத்தில் ஓடும். 2024 ஜூலை 19 அன்று அலுவலகங்களுக்கான கிரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரே ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. அவ்வளவு ஆழத்தில் இடம் கொடுக்கிறோம் என்பதால் கொடுப்பது யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள், 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கம்பெனி மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். காஸ்பர்ஸ்கை ஆய்வக மதிப்பெண்களில் நன்றாகவே வரும், ஆனால் அமெரிக்க அரசு 2024-ல் அங்கே அதன் விற்பனையையும் பிறகு அப்டேட்டையும் தடை செய்தது. மதிப்பெண் வேறு, நீங்கள் இருக்கும் நாட்டில் நாளைக்கும் அப்டேட் கிடைக்குமா என்பது வேறு.

விலையைப் பார்க்கும்போது முதல் வருடத்துக்குப் போட்டிருக்கும் பெரிய எழுத்து விலையை நம்பாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் புதுப்பிக்கும் விலை இருக்கும், பெரும்பாலும் அது பல மடங்கு, அதுதான் உண்மையான விலை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு அநேகமாக ஆனிலேயே வரும். வாங்கிய அன்றே அந்தக் கணக்குக்குள் போய் ஆஃப் செய்யுங்கள், சந்தா காலம் முழுக்கப் பாதுகாப்பு தொடரும். கூடவே தருகிற விபிஎன், கிளீனர், டிரைவர் அப்டேட்டர் இவற்றுக்காக விலை உயர்ந்த பதிப்புக்குப் போக வேண்டாம். பணம் கட்டும் முன் சோதனைப் பதிப்பை உங்கள் மெஷினிலேயே போட்டு, பிரவுசர் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை விளம்பரம் எட்டிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். காசு கொடுத்த பிறகும் இன்னொன்றை வாங்கு என்று நச்சரிக்கிற மென்பொருளை என்னால் பரிந்துரைக்க முடியாது.

எந்த மென்பொருளானாலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தவிர்த்துவிட்டு முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். இறக்கிய ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பார்த்தால் அங்கே அந்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது தேடுபொறியை மாற்றட்டுமா, பிரவுசர் எக்ஸ்டென்ஷன் சேர்க்கட்டுமா என்று கேட்கும் பெட்டிகளில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

போலி எச்சரிக்கை

திரையின் ஓரத்தில் "உங்கள் மெக்காஃபி சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று வரும், நீங்களோ மெக்காஃபியே போட்டிருக்க மாட்டீர்கள். அறிவிப்பை உற்றுப் பாருங்கள், அதில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சின்னதாக இருக்கும். எப்போதோ ஒரு பக்கத்தில் 'அலோ' தட்டியதன் விளைவு இது, வைரஸ் இல்லை. பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாததையெல்லாம் நீக்கினால் நின்றுவிடும். இதற்காக ஆண்டிவைரஸ் வாங்கியவர்கள் ஏராளம்.

முழுத்திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்து, அலாரம் அடித்து, ஒரு போன் நம்பரைக் கூப்பிடச் சொன்னால் அது மோசடி. தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடுங்கள். கூப்பிட்டுவிட்டால் "சரிசெய்து தருகிறேன்" என்று மெஷினை அவர்கள் கைக்கு வாங்கிக்கொள்வார்கள்.

எந்த ஆண்டிவைரஸும் காப்பாற்றாத இடங்களும் இருக்கின்றன. "நான் ரோபோ இல்லை" என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பேஸ்ட் செய், என்டர் தட்டு என்று ஒரு பக்கம் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். உங்கள் கையாலேயே வைரஸை ஓட வைக்கும் தந்திரம் அது. கிராக் செய்த மென்பொருளோடு வரும் குறிப்பில் "இன்ஸ்டால் செய்யும் முன் ஆண்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று இருந்தால் அது எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை. ரான்சம்வேர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் மிச்சம் இருப்பது தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்த பேக்கப் மட்டுமே.

நிஜமான எச்சரிக்கை வந்தால்

ஃபைலின் பெயரையும் அது இருக்கும் ஃபோல்டரையும் படியுங்கள், 'அலோ' மட்டும் தட்டாதீர்கள், குவாரண்டைனில், அதாவது ஆண்டிவைரஸ் பிரித்துப் பூட்டி வைத்த இடத்தில், இருக்கட்டும். நல்ல ஃபைலைத் தவறாகப் பிடித்துவிட்டதோ என்று சந்தேகம் இருந்தால் கூகுளின் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள், 70 வாக்கில் ஆண்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம், முப்பது நாற்பது காட்டினால் சந்தேகமே வேண்டாம். அங்கே ஏற்றுகிற ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களின் பார்வைக்குப் போகும், எனவே சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

நீக்கிய பிறகும் அதே எச்சரிக்கை திரும்ப வந்தால் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். திறந்திருக்கும் வேலையை சேவ் செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழும் முன்பே சுமார் கால் மணி நேரம் சோதிக்கும், அந்த நேரத்தில் வைரஸால் ஒளிந்துகொள்ள முடியாது. சந்தேகமான ப்ரோக்ராம் ஏற்கெனவே ஓடிவிட்டது என்றால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் லாகின் குக்கிகளும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) போயிருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு சுத்தமான மெஷினிலோ போனிலோ உட்கார்ந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் தட்டுங்கள், ஏனென்றால் திருடிய குக்கி பாஸ்வேர்டை மாற்றிய பின்னும் சில தளங்களில் வேலை செய்துகொண்டிருக்கும்.